மதுரையில இருந்து வராத ரப்பர்

இந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பானர் மேல சத்தியமாச் சொல்லுதேன் தம்பி, இப்போ நான் சொல்லப்போறதுல ஒரு எழுத்து பொய் கிடையாது. ஸ்பானர் போதாதா? சரி, அந்தா நிக்கே ஏர் கம்ப்ரஸர், அது மேல சத்தியம். நான் பொய் சொன்னா அது வெடிச்சு நான் கயத்தாறு பஸ் ஸ்டாண்டுல போய் விழட்டும். அது ஓடியே நாலு வருசம் ஆச்சுங்கிறது வேற விசயம்.

மொதல்ல உக்காருங்க. டயர் மேல வேண்டாம், உள்ள தண்ணி நிக்கி, பேண்டு நனைஞ்சா நான் பொறுப்பில்ல. இந்தா, இந்த சீட்டுல உக்காருங்க. ஆமா, பஸ் சீட்டுதான். ரெண்டு ஆளு சீட்டு. எங்க, எங்க... அந்தப் பக்கம் இல்ல. அது சன்னலோரம். சன்னல் எங்க இருக்குன்னு கேக்காதிய. அந்தப் பக்கம் ஒருத்தரு உக்காருவாரு. இப்போ இல்லதான். இருந்தாலும் நீங்க இந்தப் பக்கமா உக்காருங்க.

ஒங்க வண்டிக்கு என்ன சீக்குன்னு வாயத் தொறந்து சொல்லவே வேண்டாம். அங்கன திரும்பயிலயே காதுல விழுந்துட்டு. ஸ்டார்ட் ஆவுது. நின்ன எடத்துல பூனைக்குட்டி மாதிரி ஓடுது. அம்பது அறுவதுல போனா ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா நின்ன எடத்துல இருந்து கிளம்பணும்னு ஆக்சிலேட்டரைத் திருகினா ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மூச்சைப் புடிச்சுக்கிடுது. பொண்ணு பாக்கப் போன எடத்துல மாப்பிள்ளை பேச வாயத் தொறந்துட்டு பேச்சு வராம நிப்பாம்லா, அது மாதிரி. அப்புறம் சடார்னு கிளம்புது. அதானே? பாத்தியளா. எங்கிட்டயேவா. மாகாளி மெக்கானிக்குன்னு சும்மாவா சொல்லுதாவ. முழுப் பேரு உச்சிமாகாளி. முழுப் பேரைக் கேட்டா பாதிப் பேரு வண்டியத் திருப்பிட்டு ஓடிருவான், அதான் போர்டுல பாதி.

இதே சீக்கு, இதே மாடல் வண்டி, நிறம் மட்டும் வேற. அந்த மூலையில பாருங்க. பூப்புனித நீராட்டு விழா பேனரைப் போத்திக்கிட்டு நிக்கில்லா, அந்த வண்டி. அதோட சொந்தக்காரரு என்னைய ஏமாத்திட்டாரு தம்பி. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, மூணு மாசம். அந்தக் கதையத்தான் சொல்லுதேன். கேட்டுட்டு நீங்க நியாயம் சொல்லணும். நீங்க மருந்துக் கம்பெனி ஆளு, படிச்சவரு. நான் மூணாப்போட நின்னவன். நாலாப்பு வாத்தியாரு என்னைய உள்ள விடலை, நானும் அவரை வெளிய விடலை, அது தனிக் கதை.

அந்தப் பெரிய ரோடு வாரதுக்கு முன்ன என் கடை மெயின் ரோட்டுல இருந்துச்சு. நாலுவழிச் சாலை வந்துது, நான் இந்த சர்வீஸ் ரோட்டுக்கு வந்துட்டேன். இப்போ எல்லாவனும் எம்பதுல போறான். கெட்டுப்போறதுன்னாலும் அடுத்த ஊருல போய்த்தான் கெட்டுப்போறான். அதுக்காக ஆளு வரலைன்னு நினைக்காதிய. வாராவ. செவ்வாக்கிழமை கூட ஒருத்தரு வந்தாரு. வழி கேட்டாரு. மக திருப்பூர்ல இருக்கா, அவ தினமும் இந்தப் போன்ல கூப்பிட்டு மணிக்கணக்கா பேசுவா, நான்தான் வேலை கெடக்குன்னு வச்சிருவேன்.

அது கெடக்கட்டும். போன வருசம் ஆடி மாசம். காத்துன்னா காத்து, அந்தா கரண்டு எடுக்கதுக்கு நட்டிருக்கே காத்தாடி, அதோட றெக்கை எல்லாம் பிச்சுக்கிட்டு வந்துருமோன்னு சுத்துது. கடைக்கு முன்னால ஒரு விசில் சத்தம். போலீஸோன்னு எந்திரிச்சேன். பாத்தா ஒரு பெரிய மனுசன், தலை முழுக்க நரை, வண்டி மேல உக்காந்துக்கிட்டு வாயில விசில். தவசிக்கனின்னு பேரு. முப்பத்தோரு வருசம் கவர்மெண்டு பஸ்ல கண்டக்டர். ரிட்டயர்டு ஆயாச்சு, விசில் மட்டும் ரிட்டயர்டு ஆவலை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், காத்தாடிக்குக் கீழ தெரியுதுல்லா அந்த ஊருதான்.

"வே மெக்கானிக்கு, வண்டி கிளம்பயில சிணுங்குது."

"சிணுங்குச்சுன்னா கல்யாணம் பண்ணி வையும்."

"பத்தொம்பது வருச வண்டிவே. இதை எவன் கட்டுவான்?"

"ஒமக்கே ஒருத்தி வாச்சிருப்பாள்லா, இதுக்கு வாய்க்காதா?"

"வாச்சா. என் பேச்சைத் தாங்க மாட்டாம போய்ச் சேந்துட்டா. மூணு வருசம் ஆச்சு."

சொல்லிட்டுச் சிரிக்காரு. நானும் சிரிச்சேன். எனக்கும் அதே கேஸுதான், எட்டு வருசம். அதை அன்னைக்குச் சொல்லலை. மொத நாளே ஸ்டாக்கு முழுக்க எடுத்துக் காட்டுவாவளா?

கார்ப்பரேட்டரைக் கழட்டினேன். அதுல ஸ்லோ ஜெட்டுன்னு ஒண்ணு இருக்கு, இத்தினிக்கூண்டு பித்தளைக் குழாய். கிளம்புற நேரத்துக்குப் பெட்ரோல் குடுக்கிறது அதுதான். ஓட்டை ஊசி முனைதான் இருக்கும். ஆடிக்காத்துத் தூசி ஒண்ணு போய் உக்காந்துட்டா போதும், வண்டிக்கு விக்கல் வந்துரும். ஊதினேன், ஒத்தை ஒயர் இழையை விட்டுக் குத்தினேன், மாட்டினேன். ஜம்முனு போனாரு.

அடுத்த சனிக்கிழமை, விசில்.

"என்னவே டாக்டரு, நோயாளி மறுபடியும் படுத்துட்டான்."

இப்போ ஏர் ஸ்க்ரூ. முழுக்கத் திருகிட்டு ஒண்ணரைச் சுத்து வெளிய விடணும். விட்டேன். போனாரு. அதுக்கடுத்த சனி, விசில். உள்ள ஊசி ஒண்ணு தொங்கும், அதை ஒரு காடி, அதாவது ஒரு வெட்டு, மேல ஏத்தி வச்சேன். போனாரு. அதுக்கடுத்த சனியும் விசில்.

"வே, முப்பத்தோரு வருசம் சர்வீஸ். என் பஸ்ல டிக்கெட் எடுக்காம எவனும் எறங்கினது கிடையாது. ஒம்ம கடையில என் வண்டி சரியாவாமலே மூணு தடவை எறங்கியாச்சு."

"சீக்கு வண்டிக்கு இல்லவே. ஓட்டுத ஆளுக்கு."

"அப்போ என்னைக் கழட்டிப் பாரும்."

"கழட்டலாம். திருப்பி மாட்ட ஸ்பேர் கிடைக்காது."

இப்படியே போவும் தம்பி. நான் வேலை பாப்பேன், அவரு இந்த சீட்டுல உக்காந்து வாயை ஓட்டுவாரு. இந்த சீட்டே அவரு கொண்டாந்ததுதான். பழைய இரும்புக் கடையில கண்டுபுடிச்சு, குட்டியானை வண்டியில ஏத்திக்கிட்டு வந்து எறக்கினாரு. "முப்பத்தோரு வருசம் நின்னுக்கிட்டே போனவன்வே. இனிமே சன்னலோரம் உக்காந்துதான் போவேன்"னாரு. எங்கய்யா போறீருன்னேன். "எங்கயும் போவலை, அதான் சொகம்"னாரு. எதுத்தாப்புல போற காரையும் லாரியையும் பாத்துக்கிட்டு, "ஏய், உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத"ம்பாரு. எனக்குச் சிரிச்சு சிரிச்சு ஸ்க்ரூ கீழ விழுந்துரும். அதைத் தேடவே அரை மணி நேரம் ஆவும். சனிக்கிழமை ஒரு வண்டி பாத்து முடிக்க பொழுது சாஞ்சிரும் பாத்துக்கிடுங்க. தொழில் கெட்டுப்போச்சு அந்த மனுசனால.

அவருக்கு எடது கண்ணுல புரை. மகன் ஓசூர்ல கம்பெனி வேலை, "ஆபரேசன் பண்ணுங்கப்பா, பண்ணுங்கப்பா"ன்னு போன்ல கத்துவான். இவரு கேக்க மாட்டாரு. அங்க பாருங்க, நடுத்திட்டுல அரளிச்செடிக்கு நடுவுல ஒரு இடைவெளி தெரியுதா? அதுலதான் வண்டிய விட்டு இந்தப் பக்கம் வரணும். மதுரையில இருந்து வார வண்டியெல்லாம் அந்த எடத்துல பேயா வரும். ஒரு நாள் இவரு கண்ணைச் சுருக்கிக்கிட்டு அங்கன தடுமாறுறதைப் பாத்துட்டேன். வந்ததும் ஏசினேன்.

"வே, பஸ்ல முன்னால எவன் வாரான்னு பாக்கிறது டிரைவர் வேலை. நான் பின்னால பாத்தே பழகினவன். இனி நீரு பாரும்"னு பையில இருந்து இன்னொரு விசிலை எடுத்து என் கையில குடுத்தாரு. "ஒத்தை விசில்னா நில்லு. ரெட்டை விசில்னா ரைட்டு. கண்டக்டரு நீரு, டிரைவர் நானு."

அதுல இருந்து சனிக்கிழமை பத்து மணி ஆனா நான் விசிலும் கையுமா ரோட்டோரம் அந்த மேட்டுல நிப்பேன். அவரு நடுவுல வந்து நிப்பாரு. நான் மதுரைப் பக்கம் பாப்பேன். ரோடு காலின்னா ரெட்டை விசில். வருவாரு. வந்து எறங்கி, "சில்லறை இல்லை, எறங்கும்போது வாங்கிக்கோ"ம்பாரு. தினமும் இதே ஜோக்குதான். தினமும்னா சனிக்கிழமைதான். தினமும் மாதிரி இருக்கும்.

அந்த ஒம்பதாம் நம்பர் ஸ்பானரை எடுங்க. ஒங்க காலுக்குக் கீழ. ஆங்.

இப்போ முக்கியமான எடத்துக்கு வாரேன். ஆவணி கடைசியில சீக்கை நான் கண்டுபுடிச்சிட்டேன். இந்தா, இங்க கையை வச்சுப் பாருங்க. கார்ப்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ஒரு ரப்பர் இருக்கு தெரியுதா? அதுல அடிப்பக்கம் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. சும்மா நிக்கயில அது மூடிக்கிட்டு நல்ல புள்ளையா இருக்கும். ஆக்சிலேட்டரைத் திருகினா இன்ஜின் ஆடும்லா, அப்போ வெடிப்பு வாயைத் தொறந்து வெளிக்காத்தைக் குடிச்சிரும். காத்து கூடிட்டு, பெட்ரோலு பத்தலை, வண்டி மூச்சைப் புடிக்கி. கண்டுபுடிக்கது லேசு. ஓடுத வண்டியில அந்த எடத்துல துளி பெட்ரோலைத் தொட்டு வச்சா சத்தம் மாறும். இப்போ ஒங்க வண்டியில மாறிச்சு பாத்தியளா? கேட்டிய தானே? அதேதான்.

வைத்தியமும் லேசு. ரப்பரை மாத்தணும். பத்து நிமிச வேலை.

ரப்பரு டிராயர்ல இருந்துச்சு. இருந்துச்சு தம்பி, இல்லைன்னு நான் சொல்லலை. ஆனா அது வேற ஒருத்தருக்குன்னு வாங்கி வச்சது. யாருக்குன்னு கேட்டா இப்போ ஞாபகம் இல்ல. அதுவும் போக அன்னைக்கு நேரம் ஆயிட்டு. டிராயரு வேற சிக்கும், இழுத்தா வராது. அதுவும் போக, பழைய வண்டிக்குப் புது ரப்பரைப் போட்டா வண்டி தாங்குமாங்கிறது ஒண்ணு இருக்கு. நாலையும் யோசிச்சுத்தான் சொன்னேன்.

"வே, ரப்பர் போயிட்டு. இந்த மாடலுக்கு இப்போ ரப்பரே வாரதில்ல. மதுரையில ஒருத்தன்கிட்ட சொல்லி வைக்கேன். வாரது வரைக்கும் வெடிப்பை அடைக்க பேஸ்ட்டை அப்பி விடுதேன். ஒரு வாரம் தாங்கும்."

"ஒரு வாரமா?"

"ஒரு வாரம்."

"அப்போ அடுத்த சனி வரணும்ங்கீரு."

"வரணும். வராட்டி வண்டி ரோட்டுல நிக்கும்."

சரின்னு தலையாட்டிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் நான் கூலி வாங்கலை, பேஸ்ட்டுக்கும் வாங்கலை. அப்போ அது ஏமாத்து கிடையாதுல்லா? நீங்களே சொல்லுங்க. சொல்லாட்டியும் பரவால்ல.

புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. சனி தவறாம பேஸ்ட்டு. மழை பெஞ்ச சனியும் பேஸ்ட்டு. தீவாளி அன்னைக்குச் சனி இல்ல, ஆனா அன்னைக்கும் வந்தாரு. "பேஸ்ட்டு காஞ்சிட்டோன்னு ஒரு சந்தேகம்வே"ன்னாரு. நான் பாத்தேன், காயலை. இருந்தாலும் சந்தேகம்னா பாக்கணும்லா, மறுபடியும் அப்பினேன். மக அந்தத் தீவாளிக்கு வர முடியலை, அவளுக்கு லீவு கிடைக்கலை. அவரு மகனும் வரலை. ரெண்டு பேரும் இந்த சீட்டுல உக்காந்து முறுக்கு தின்னோம். ஒரு வெடி கூடப் போடலை. அவரு விசில் அடிச்சாரு, நான் ஒரு பழைய டியூப்புல காத்தை அடைச்சு வெடிச்சேன். நாய் ஓடினதைப் பாக்கணுமே.

வாரம் ஒரு தடவை கேப்பாரு. "மதுரையில இருந்து ரப்பர் வந்துட்டா வே?" நான் சொல்லுவேன், "இன்னும் வரலை வே." அவரு, "அவன் மெதுவா அனுப்பட்டும், நம்மளுக்கு என்ன அவசரம்"பாரு. இதை ஞாபகம் வச்சுக்கிடுங்க. அந்தாளு எப்பேர்ப்பட்ட நடிகன்னு பின்னால தெரியும்.

தை பொறந்துது. பனங்கிழங்கு வந்துட்டு. அவிச்ச கிழங்கை ஒரு கட்டு ஹேண்டில்ல கட்டித் தொங்க விட்டுக்கிட்டு வருவாரு. அவருக்குச் சர்க்கரை, எனக்குப் பாதிப் பல்லு இல்ல. ஆனாலும் ரெண்டு பேரும் நார் உரிச்சு உரிச்சு...

மூணாவது சனி. பத்து மணி, பத்தரை இருக்கும். நல்ல வெயிலு, வெட்டவெளிச்சம். நடுவுல வந்து நின்னாரு. கிழங்கு தொங்குது. ஒத்தைக் கையைத் தூக்கிக் காட்டினாரு. நான் அந்தா அந்த மேட்டுல நிக்கேன். மதுரைப் பக்கம் பாத்தேன். ஒரு லாரி. தூரத்துல தம்பி, அந்தப் பச்சை போர்டு தெரியுதுல்லா, அதுக்கும் அங்கிட்டு. போயிரலாம். இதைவிடக் கிட்டத்துல வந்தாலும் போயிரலாம், எத்தனை தடவை பாத்திருக்கேன்.

ரெட்டை விசில் குடுத்தேன்.

கணக்கு தப்பில்ல. இன்னைக்கும் சொல்லுதேன், என் கணக்கு தப்பில்ல. நல்ல வண்டின்னா போயிருக்கும்.

...அந்தத் துணியை எடுங்க. இல்ல, அது வேண்டாம், அது அழுக்கு. பக்கத்துல இருக்கிறது.

ரோட்டுக்கு நடுவுல வண்டி ஒரு நொடி மூச்சைப் புடிச்சுது. ஒரே நொடிதான். அஞ்சு மாசமா மதுரையில இருந்து ரப்பர் வரும், ரப்பர் வரும்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். லாரி வந்துது.

டிரைவரு தங்கமானவன். ஸ்டியரிங்கை ஒடிச்சான், லாரிய அரளிச்செடி மேலயே ஏத்திட்டான். அதனால இவரு வண்டியோட பின் சக்கரத்துல பட்டுது. முன் சக்கரத்துல பட்டிருந்தா நான் இந்தக் கதைய ஒங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்க மாட்டேன். நான் ஓடுனேன். கிடக்காரு. எடது காலு திரும்பாத பக்கம் திரும்பிக் கெடக்கு. என்னையப் பாத்தாரு.

"கிழங்கு செதறிட்டு வே. பொறுக்கும்"னாரு.

நான் பொறுக்கினேன் தம்பி. ஆம்புலன்ஸ் வாரது வரைக்கும் நாலுவழிச் சாலையில நின்னு ஒண்ணொண்ணா கிழங்கு பொறுக்கினேன். வேற என்ன செய்யணும்னு எனக்குத் தெரியலை. அந்த லாரி டிரைவரும் கூட சேந்து பொறுக்கினான். பேரு கூடக் கேக்கலை.

இப்போதான் அவரு பண்ணின துரோகம் வருது. கேளுங்க.

வண்டிய நான்தான் இழுத்துக்கிட்டு வந்து போட்டேன். மறுநாள் ஓசூர் மகன் போன் போட்டு ஆர்சி புக்கு வேணும்னான். சைடு பெட்டியைத் தொறந்தேன். ஆர்சி இருந்துச்சு. அதுக்குக் கீழ ஒரு பிளாஸ்டிக் கவர். பிரிச்சா, ரப்பர்! புது ரப்பர்! இதே மாடலுக்கு, இதே கார்ப்பரேட்டர் ரப்பர். ஒட்டின லேபிள் கூட கிழியலை. கவரு மேல பேனாவுல எழுதியிருக்கு. கண்டக்டர் புத்தி, எதை வாங்கினாலும் தேதி போடுவாரு. நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், ஆனா நம்பர் நல்லாத் தெரியும். அக்டோபர் பதினொண்ணு, கோவில்பட்டி.

அக்டோபர்! புரட்டாசிக் கடைசி! எண்ணிப் பாருங்க. கிடைக்கவே கிடைக்காதுன்னு நான் சொன்ன சாமானை இவரு கோவில்பட்டிக் கடையில போய் ஒரே நாள்ல வாங்கியிருக்காரு. அப்போ நான் சொல்லுதது பொய்யின்னு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் ஒரு சொல்லு கேக்கலை. பெட்டிக்குள்ள ரப்பரை வச்சுக்கிட்டு, அதுக்கு மேல உக்காந்துக்கிட்டு, "ரப்பர் வந்துட்டா வே, ரப்பர் வந்துட்டா வே"ன்னு மூணு மாசம் நடிச்சிருக்காரு! என்னைய வாரா வாரம் பேஸ்ட்டு அப்ப வச்சு வேடிக்கை பாத்திருக்காரு! குடுத்திருந்தா பத்து நிமிசத்துல மாட்டியிருப்பேன். கால் ஒடிஞ்சிருக்குமா? இப்போ சொல்லுங்க, யாரு யாரை ஏமாத்துனது?

என்ன, தாடையைத் தடவுதிய? யோசிக்கியளோ. யோசிங்க, யோசிங்க. படிச்சவங்களுக்கு நேரம் எடுக்கும்.

திங்கக்கிழமை திருநவேலி ஆஸ்பத்திரிக்குப் போனேன். சண்டை போடணும்னுதான் போனேன். சட்டைப் பையில அந்த ரப்பரு. இன்னொரு பையில என் டிராயர் ரப்பரு, அதை எதுக்கு எடுத்துக்கிட்டுப் போனேன்னு தெரியலை. கால்ல கட்டுப் போட்டு, கயித்துல கட்டித் தூக்கித் தொங்க விட்டிருக்காவ. என்னையப் பாத்ததும் பக்கத்துக் கட்டில்காரரைப் பாத்து, "கொஞ்சம் உள்ள போங்க, எங்காளு வந்திருக்காரு, உக்காரட்டும்"ங்காரு.

நான் உக்காந்தேன். வாயைத் தொறந்தேன். இந்த வண்டி மாதிரியே ஆயிட்டு தம்பி. திருகுதேன், திருகுதேன், பேச்சு வரலை.

அவருதான் கேட்டாரு. மூஞ்சியில ஒரு சிரிப்பு கூட இல்லாம கேக்காரு.

"மதுரையில இருந்து ரப்பர் வந்துட்டா வே?"

என் ரெண்டு பையிலயும் ரெண்டு ரப்பரு இருக்கு.

"இன்னும் வரலை வே"ன்னேன்.

தலைமாட்டுல இருந்த பையை இழுத்து மடியில வச்சாரு. "சரி. வந்ததும் சொல்லும். வாரேன்"னாரு. பஸ் டிக்கெட் கட்டு ஒண்ணு இன்னமும் பையில வச்சிருப்பாரு, அதுல ஒண்ணைக் கிழிச்சு, பின்னால ஓசூர் நம்பரை எழுதி என் கையில குடுத்தாரு. டிக்கெட்டை ஓரத்துல லேசாக் கிழிச்சுத்தான் குடுத்தாரு, பழக்கம் போவலை. மறுவாரம் மகன் கார் வச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான்.

தையில போனவரு. இப்போ ஆவணி.

வண்டிய நான் சும்மா விடலை. பின் சக்கரம் மாத்தி, முன்னால ஃபோர்க்கை நிமித்தி, என் டிராயர் ரப்பரை எடுத்து மாட்டியாச்சு. சனிக்கிழமை ஆனா பேனரை எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணி வைப்பேன். பேட்டரி போயிரும்லா, அதுக்காக. வேற ஒண்ணுக்கும் இல்ல. திருகினா அடைப்பு கிடையாது, தடங்கல் கிடையாது, கன்னுக்குட்டி மாதிரி துள்ளும். நான் ஓட்டுறதில்ல. விசிலும் அந்த ஆணியில தொங்குது. நானும் அதைத் தொடலை, அதுவும் என்னையக் கூப்பிடலை.

போன் ஏன் போடலைன்னு கேக்கியளா? நான் எதுக்குப் போடணும்? ஏமாத்துனது அவரு. கோவம் எனக்கு. அதுவும் போக இங்கன என் போனுக்கு டவரே எடுக்காது. அந்தக் காத்தாடி சுத்தி சுத்தி அலையை எல்லாம் அந்தப் பக்கம் தள்ளிரும். இந்தப் போன் அடிச்சு மாசக்கணக்கா ஆச்சு. ...மகளா? அது... அவ பேசுனா எடுக்கும். அவளுக்குன்னு எடுக்கும். நீங்க ஏன் இதையெல்லாம் கணக்குப் போடுதிய, நீங்க என்ன போலீஸா?

சரி, வாங்க. ஒங்க வண்டி முடிஞ்சு அரை மணி நேரம் ஆச்சு. கதை முடியாம எப்படி விடுறதுன்னுதான் சும்மா தொடச்சுக்கிட்டு இருந்தேன். ஏறி உக்காருங்க. ஸ்டார்ட் பண்ணுங்க. இப்போ திருகுங்க. இன்னொரு தடவை. பாத்தியளா? மூச்சே புடிக்கலை. ரோட்டுல ஏறயில பயமில்லாமத் திருகலாம். அதான் வேணும். ரோட்டுல ஏறயில அந்த ஒரு நொடி இருக்கு பாத்தியளா, அது வீணாவக் கூடாது.

எந்த ரப்பரைப் போட்டேன்னு பாக்கியளா? டிராயர் ரப்பரு கண்டக்டரு வண்டிக்குப் போயிட்டு. கையில இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். அக்டோபர் பதினொண்ணு.

கூலியா? பையை உள்ள வையுங்க. எனக்கு ஒரு பைசா வேண்டாம், நான் அப்படிப்பட்ட ஆளு கிடையாது. ஆனா பாருங்க, ரப்பரு என்னோடது இல்ல. அவரு வாங்கினது. அவருகிட்ட கேக்காம எடுத்து ஒங்க வண்டியில போட்டிருக்கு. இன்னொருத்தர் சாமானை கேக்காமலே மாட்டிக்கிட்டுப் போவலாமா? நீங்க படிச்சவரு. தப்பில்லையா? அப்போ கூலியை அவருக்குத்தான் குடுக்கணும்.

இந்தா டிக்கெட்டு. பின்னால நம்பர் இருக்கு. ஒங்க போன்ல அடிங்க. ஒங்க போனுக்கு டவர் எடுக்கும், எனக்குத் தெரியும், வந்ததுல இருந்து நாலு தடவை அடிச்சிட்டு. ஸ்பீக்கர்ல போடுங்க. நான் பேச மாட்டேன், அந்தாளோட எனக்குப் பேச்சு கிடையாது. இந்தப் பக்கமா நின்னுக்கிடுவேன், சும்மா. எடுத்தாருன்னா நீங்க ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான் கூலி. "ரப்பர் வந்துட்டாம், மெக்கானிக் சொல்லச் சொன்னாரு."

இருங்க, இருங்க, அந்த விசிலை எடுத்துக்கிடுதேன்.

என்ன முழிக்கிய? ஒண்ணரை மணி நேரம் ஓசியில கதை கேட்டியள்லா? அதுவும் கண்டக்டர் சீட்டுல உக்காந்து! டிக்கெட் எடுக்காம எவனும் இங்கன எறங்க முடியாது. எங்க, வண்டிய அணைச்சிட்டு சாவியை இப்படிக் குடுங்க. ஆங். இனி அடிங்க தம்பி. ரிங்கு போவுதா?